மூன்று தசைகளில் நம் கையில் இருப்பது ஒன்றுதான்

"தசைகளின் வகைகளை அட்டவணைப்படுத்தி விளக்குக." உயிரியல் படித்த எவருக்கும் இந்த ஐந்து மதிப்பெண் கேள்வி மறந்திருக்காது. எலும்புத்தசை, மென்தசை, இதயத்தசை என்று மூன்று கட்டம் போட வேண்டும். வரி உண்டா இல்லையா, உட்கரு ஒன்றா பலவா, நம் இச்சைக்குக் கட்டுப்பட்டதா இல்லையா என்று நிரப்பினால் வேலை முடிந்தது. பக்கத்தில் கதிர்க்கோல் வடிவத்தில் ஒரு செல்லை வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டால் முழு மதிப்பெண் நிச்சயம். தேர்வு முடிந்த மறுநாள் அட்டவணை மறந்துபோகும்.

அந்த அட்டவணையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் "இச்சைக்குக் கட்டுப்பட்டது" என்று எழுதுகிற அந்த ஒரு கட்டத்துக்கு எத்தனை பெரிய அர்த்தம் இருக்கிறது என்பதை எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. நினைத்தால் கையைத் தூக்கலாம் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்தத் தசையை அசைப்பது மட்டும் நம் இச்சையில் இல்லை. அதைக் காப்பாற்றி வைப்பதும் கோட்டை விடுவதும்கூடப் பெருமளவு நம் இச்சையில்தான் இருக்கிறது. எழுபத்தைந்து வயதில் ஒருவர் கழிவறையிலிருந்து தானே எழுந்து வருவாரா, அல்லது வெளியே யாராவது காத்திருந்து கைகொடுக்க வேண்டுமா என்பதில் அந்தக் கட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

(போகிற போக்கில் ஒரு வார்த்தைச் சண்டை. நம் இச்சைக்கு அடங்காத தசையைச் சிலர் "தன்னிச்சையான தசை" என்று எழுதுவதுண்டு. யாருடைய இச்சை, தசையுடையதா நம்முடையதா என்று மாணவன் குழம்பிப் போகிறான். இச்சைத்தசை, அனிச்சைத்தசை என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?)

சரி, முதலில் மூன்றையும் பார்த்துவிடுவோம். அதற்கு மைக்ராஸ்கோப் தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போனால் போதும். மூன்று தசையும் அங்கே தொங்குகிறது. தொடைக்கறி எலும்புத்தசை. குடலின் சுவர் மென்தசை. ஆட்டின் இதயம் இதயத்தசை. நன்றாக வெந்த தொடைக்கறியைப் பிய்த்தால் நார் நாராக வருகிறதே, பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு வதைக்கிறதே, அந்த நார் ஒவ்வொன்றும் ஒரு தசைக்கற்றை. இதயம் அப்படி நேர் நாராகப் பிரியாது. அதன் செல்கள் கிளை விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருப்பதால் இறுகலாக இருக்கும்.

குடலில் இருக்கும் மென்தசையை யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. ஆனால் உடம்பில் அது இல்லாத இடத்தைத் தேட வேண்டும். சாப்பாட்டை உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை தள்ளிக்கொண்டு போவது, ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை நிலைநிறுத்துவது, வெயிலில் கண்ணின் பாப்பாவைச் சிறிதாக்குவது, பயந்தால் மயிர்க்கூச்செறிய வைப்பது எல்லாம் அதுதான். ஆஸ்துமாக்காரர் மூச்சுக்குத் திணறுகிறார் என்றால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள மென்தசை இறுகியிருக்கிறது. பெண்ணின் கருப்பை சாதாரணமாக 50 முதல் 70 கிராம்தான். பிரசவ நேரத்தில் ஏறக்குறைய 1 கிலோவாக வளர்ந்திருக்கும். இந்தத் தசை மெதுவாக இயங்கும், ஆனால் மிகக் குறைந்த சக்தியில் மணிக்கணக்காக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதயத்தசை ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை சுருங்குகிறது. லீவு கிடையாது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா அடைத்து வைத்ததுபோல் இருப்பதால் களைப்பும் கிடையாது. ஆனால் ஒரு பலவீனம் இருக்கிறது. மாரடைப்பில் செத்துப்போன பகுதியை அது மறுபடி கட்டிக்கொள்வதில்லை, அங்கே தழும்புதான் வரும். முதிர்ந்த வயதில் இதயச் செல்கள் ஆண்டுக்கு 1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் புதுப்பிக்கப்படுகின்றன.

இந்த இரண்டு தசைகளும் நம்மைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. தூங்கினாலும் மயங்கினாலும் அவை பாட்டுக்கு ஓடும். மீதி இருப்பது எலும்புத்தசை. 600-க்கும் மேற்பட்டவை, வளர்ந்த ஆணின் எடையில் 40 சதவீதத்துக்குப் பக்கம், பெண்களில் கொஞ்சம் குறைவு. இதில் ஓரிரண்டு விதிவிலக்குகளும் உண்டு. உதரவிதானம் அமைப்பில் சுத்தமான எலும்புத்தசை, ஆனால் தூக்கத்திலும் தானாக மூச்சு வாங்குகிறது. நல்லவேளை! அதையும் நம் நினைப்பில் விட்டிருந்தால் பாதிப் பேர் பரீட்சைக்கு முந்தைய இரவிலேயே போயிருப்போம்.

எலும்புத்தசையைப் பிரித்துக்கொண்டே போனால் கயிற்றைப் பிரிப்பதுபோல இருக்கும். தசைக்குள் கற்றை, கற்றைக்குள் தசைநார், நாருக்குள் நுண்நார், நுண்நாரில் வரிசையாகச் சார்கோமியர் என்ற சிறு கட்டங்கள். ஒரு கட்டத்தின் நீளம் 2 மைக்ரானுக்குச் சற்று மேல். அதற்குள் ஆக்டின் என்ற மெல்லிய இழைகளும் மயோசின் என்ற தடித்த இழைகளும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த இழைகளே மடிந்து குட்டையாகின்றன என்றுதான் ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். 1954-ல் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும் எழுதியது, மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. (இரண்டு ஹக்ஸ்லிகளும் சொந்தக்காரர்கள் இல்லை.) இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு உள்ளே போகின்றன என்று இரண்டு கூட்டமும் தனித்தனியே கண்டுபிடித்திருந்தது.

கிணற்றில் வாளி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கயிறு குட்டையாவதில்லை. கை மாற்றிக் கை மாற்றி இழுக்கிறோம், வாளி மேலே வருகிறது. மயோசினின் தலைகள்தான் அந்தக் கைகள், ஆக்டின் கயிறு. நரம்பிலிருந்து செய்தி வந்ததும் செல்லுக்குள் கால்சியம் திறந்துவிடப்படுகிறது, கைகள் கயிற்றைப் பற்றுகின்றன. பிடித்த கை விட வேண்டுமானால் ஏடிபி வேண்டும். இதுதான் வேடிக்கை, பிடிப்பதற்கு இல்லை, விடுவதற்குத்தான் அது அவசியம்! இறந்தவரின் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது இதனால்தான். ஏடிபி தீர்ந்துவிட்டது, பிடித்த கைகள் விட முடியாமல் அப்படியே நின்றுவிட்டன.

இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டுக்குப் பாடப்புத்தகம் தரும் பணி என்ன? "இயக்கம், உடல் தோரணை, வெப்பம்." மூன்று வார்த்தை. இது பெரிய அநியாயம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் இன்சுலின் சொல்லி உள்ளே போவதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது எலும்புத்தசை. கல்லீரல் சுமார் 100 கிராம் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது என்றால், தசைகள் எல்லாம் சேர்ந்து 400 கிராம் அளவுக்குச் சேமிக்கின்றன. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் சொல்லாமலேயே சர்க்கரைக்கான கதவு திறக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நடக்கச் சொல்வதில் இருக்கும் விஞ்ஞானம் இதுதான். பெரிய நோய், காயம், அறுவை சிகிச்சை என்று வந்தால் உடம்பு புரதத்துக்காகக் கைவைக்கும் கஜானாவும் தசைதான். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் அழுக்கு ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. அவ்வளவு ஏன், இதயத்தசையை உழைக்க வைத்துப் பலப்படுத்த வேண்டுமென்றால்கூட நேரடி வழி கிடையாது. கால் தசையை அசைத்துத்தான் இதயத்துக்கு வேலை கொடுக்க வேண்டும்.

இங்கேதான் நம் பேச்சுவழக்கு நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. "நல்லா சதை போட்டுட்டானே" என்றால் குண்டாகிவிட்டான் என்று அர்த்தம். "சதையே இல்லாம இளைச்சுட்டா" என்றாலும் அதே சதைதான். தசையையும் கொழுப்பையும் பிரித்துச் சொல்ல வீட்டுப் பேச்சில் தனி வார்த்தை இல்லை. எடை பார்க்கும் இயந்திரமும் பிரித்துச் சொல்வதில்லை. எடை சரியாக இருக்கிறது, அதனால் ஆரோக்கியம் சரி என்று நினைத்துவிடுகிறோம். 2004-ல் 'லான்செட்' இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் புகைப்படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. பார்த்தால் இருவரும் ஒல்லி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஆங்கிலேயரின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரின் உடம்பில் 21.2 சதவீதம்! ஒல்லியான இந்தியருக்கும் சர்க்கரை நோய் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை அந்தப் படத்தில் இருக்கிறது. எடை ஒன்றுதான், அதற்குள் தசை குறைவு, கொழுப்பு அதிகம்.

தசை இருந்த இடத்திலேயே இருக்கும் பொருளும் இல்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உடைக்கப்பட்டுக் கொஞ்சம் கட்டப்படுகிறது. உபயோகம் இல்லை என்று தெரிந்தால் கட்டுவதை உடம்பு குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்வது இந்தப் பயத்தில்தான். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது என்று கணக்கிடுகிறார்கள், அறுபதுக்கு மேல் வேகம் கூடும். 1989-ல் இர்வின் ரோசன்பெர்க் இதற்குச் சார்கோபீனியா என்று ஒரு பெயர் வைத்தார். பெயர் வைக்கும்வரை அது "வயசாச்சு, அப்படித்தான்" என்ற கணக்கில் இருந்தது.

குறைவதிலும் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. எலும்புத்தசை நார்களில் மெதுவாக இயங்கிக் களைக்காத வகை ஒன்று, பட்டென்று சுருங்கிச் சீக்கிரம் களைத்துவிடும் வகை இன்னொன்று. கோழியின் காலும் நெஞ்சும் வேறு வேறு நிறத்தில் இருப்பது இந்த வித்தியாசத்தால்தான். வயதாகும்போது அதிகம் இளைப்பது வேகமான வகை. காய்கறி வாங்க மெதுவாக நடந்து போவதற்கு அது தேவைப்படாது. அதனால் யாருக்கும் குறை தெரியாது. ஈரத் தரையில் கால் வழுக்கும்போதுதான் அது வேண்டும். அரை நொடியில் காலை ஊன்றி நிமிர்த்துவது அதன் வேலை. அது இல்லாதவர் விழுகிறார், இடுப்பு எலும்பு முறிகிறது. "பாட்டி பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, அதுலேர்ந்து படுத்த படுக்கை" என்ற செய்தி எத்தனை வீடுகளில் கேட்டாயிற்று. எலும்பு பலவீனத்தைப் பற்றியும் கால்சியம் மாத்திரையைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். முதலில் விழ வைத்தது எது என்று கேட்பவர் குறைவு.

படுக்கை வேறு தன் பங்கைச் செய்யும். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் எதுவும் இல்லாத, சராசரி 67 வயதுள்ள சிலரை 10 நாள் படுக்கையிலேயே வைத்திருந்து பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசைத்திசு போய்விட்டது. பத்தே நாள்!

இதற்கு நம் வீடுகளில் மரியாதை என்ற பெயரில் நாமே உதவி செய்கிறோம். "நீ ஒரு வேலையும் செய்யாதம்மா, சும்மா உக்காரு." "தாத்தா, நீங்க எந்திரிக்காதீங்க, தண்ணி நான் எடுத்துட்டு வரேன்." சொல்பவரின் அன்பில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நாளில் அந்தத் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டிய இருபது முறையை நாலு முறையாக்கிவிட்டால், அவர் தொடைக்குக் கிடைத்துவந்த கொஞ்சநஞ்ச வேலையும் போயிற்று. ஆறு மாதம் கழித்து அவரால் நிஜமாகவே எழுந்திருக்க முடியாது. பார்த்தாயா, நாம் சொன்னது சரிதான், அவருக்கு முடியவில்லை என்று அப்போது எல்லோரும் சொல்வார்கள்.

உடனே, "அந்தக் காலத்தில் ஆட்டுக்கல்லும் அம்மியும் இருந்தன, பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களை நம்ப வேண்டாம். அம்மியும் உலக்கையும் பெண்களின் முதுகை ஒடித்த கதை அவர்களுக்குத் தெரியாது. மிக்ஸியும் கிரைண்டரும் வந்தது நல்லதுதான், அவை போகக்கூடாது. ஆனால் ஒன்று உண்மை. தரையில் உட்கார்ந்து எழுவதும் குந்துவதும் குடம் தூக்குவதும் போன இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. நடைப்பயிற்சி வந்தது, மாலையில் பூங்காக்களில் கூட்டம் அலைமோதுகிறது. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. தசையைப் பெருக்குவதற்கு அது பெரிதாக உதவாது. எடையை எதிர்த்துத் தள்ளும்போதுதான் தசைக்குச் செய்தி போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் நடை, ஓட்டம் போன்றவற்றோடு சேர்த்து, தசையைப் பலப்படுத்தும் பயிற்சி வாரத்துக்கு 2 நாளாவது வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது.

அதையும் இருபது வயதுப் பையன்களின் சொத்தாக்கி வைத்திருக்கிறோம். ஜிம் வாசலில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தால் தசை என்பது சினிமா கதாநாயகன் சட்டையைக் கழற்றுவதற்காகப் படைக்கப்பட்டது என்று தோன்றும். அந்தப் பையன்களுக்கு அது ஆசை. ஐம்பது வயது அம்மாவுக்கு அது தேவை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசையும் ஒன்றாகக் குறையத் தொடங்கும் நேரத்தில், எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயத்தில் அவர் ஒதுங்கிக்கொள்கிறார். பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரான் மிகக் குறைவு. இரண்டு கிலோ டம்பெல் தூக்கி யாருக்கும் அப்படி ஆகிவிடாது. முட்டி வலி இருக்கிறதே என்பது அடுத்த சாக்கு. தொடையின் முன்தசையைப் பலப்படுத்துவதுதான் முட்டித் தேய்மானத்துக்கு மருத்துவர்களே முதலில் சொல்லும் வைத்தியங்களில் ஒன்று.

"இனிமே என்ன, வயசு போயிடுச்சு" என்பவர்களுக்கு 1990-ல் வந்த ஒரு ஆய்வைக் காட்டலாம். பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் மரியா ஃபியாடரோனே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 10 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது 90. தள்ளாடுபவர்கள்தான், ஒருவரும் பயில்வான் இல்லை. 8 வாரம் அவர்களுக்குக் கால்களால் எடை தூக்கும் பயிற்சி, அதுவும் லேசாக இல்லை, அவர்களால் முடிந்த அளவில் கடினமாகவே கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது! தொடைத்தசையின் அளவு 9 சதவீதம் பெருகியது. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். தசை கொஞ்சம்தான் வளர்ந்தது, வலிமையோ பல மடங்கு கூடியது. தூங்கிக்கிடந்த நார்களை எழுப்பி ஒன்றாக வேலை வாங்க நரம்புகள் மறுபடி கற்றுக்கொண்டன. 90 வயதில் கற்றுக்கொண்டன.

சாப்பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பரிந்துரைத்த அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி இரண்டு தோசை என்று ஒதுங்கிவிட்ட பாட்டிக்கு இந்தக் கணக்கு எங்கே நிறையும்? பல்லும் இல்லை, கறியும் வேண்டாம் என்றால் பருப்பு, சுண்டல், பால், தயிர், முட்டை என்று ஏதாவது ஒவ்வொரு வேளையும் இலையில் இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்வது நல்லது.

பாடப்புத்தகம் எழுதுபவர்களுக்கு ஒரு யோசனை. அந்த அட்டவணைக்குக் கீழே ஒரு செய்முறைப் பயிற்சியைச் சேர்க்கலாம், செலவு ஒன்றும் இல்லை. கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். வீட்டில் உள்ள பெரியவரை அதில் உட்கார்த்தி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க, மாணவன் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவுகோலின்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசை குறைந்துகொண்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எண்ணை நோட்டில் எழுதி, தேதி போட்டு, அன்றிலிருந்து தினமும் அதே நாற்காலியில் முடிந்தவரை எழுந்து உட்கார வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து எழுதட்டும். ஐந்து மதிப்பெண்ணில் இரண்டை இதற்குக் கொடுக்கலாம்.